நகரத்தில் மிச்சம் எவ்வளவு?

நாளிதழ்களின் உள்பக்கத்தில் அவ்வப்போது ஒரு சிறு அறிவிப்பு வரும். ஏதோ ஒரு கிராமத்தின் சர்வே எண்கள், பரப்பளவு, அதன்கீழ் இரண்டு வரி: மேற்படி நிலத்தை வேளாண் உபயோக மண்டலத்திலிருந்து குடியிருப்பு உபயோக மண்டலமாக மறுவகைப்பாடு செய்யக் கோரப்பட்டிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ், முழுமைத் திட்டத்தில் மாறுதல் செய்வதற்கான நடைமுறை இது. பெரும்பாலோர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஆனால் அந்த நிலத்தில் நாளை எத்தனை குடும்பங்கள் வசிக்கும், அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், அடைமழையில் யார் வீட்டு வாசலில் வெள்ளம் நிற்கும் என்பதெல்லாம் ஏறக்குறைய இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. திட்ட அனுமதி பிறகு வரும். எத்தனை மாடி, பக்கத்தில் எவ்வளவு இடைவெளி, வண்டி நிறுத்த எவ்வளவு இடம் என்று அது பார்க்கும். இந்த ஊரின் குழாய்களும் வடிகால்களும் பள்ளிக்கூடங்களும் இத்தனை பேரைத் தாங்குமா என்று கேட்க வேண்டிய வேளை அதற்கு முன்னாலேயே கடந்துபோயிருக்கும். அந்தக் கேள்விக்கு விடை காண முடியும். பள்ளிக் கணக்கு போதும். ஆனால் சராசரி நாளை வைத்து, ஒவ்வொரு மனையாகத் தனித்தனியே பார்த்தால், நகரத்தில் எப்போதும் இடம் இருப்பதாகவே தெரியும். மோசமான நாளில், மிகக் குறுகலான இடத்தில், ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மையில் மிச்சம் எவ்வளவு என்பது வெளியே வரும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையின் தென்விளிம்பில் 10 ஏக்கர் வயல் குடியிருப்பு மண்டலமாக மாறுவதாகக் கொள்வோம். 10 ஏக்கர் என்பது ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2 என்றால் 80,000 சதுர மீட்டர் கட்டலாம். ஒரு வீட்டுக்குப் பொது இடங்களும் சேர்த்து 100 சதுர மீட்டர் என்று வைத்தால் 800 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 3,200 பேர். பாதாள சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வகுத்த அளவு. ஆக, நாளொன்றுக்கு 4.32 லட்சம் லிட்டர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது வழக்கமான கணிப்பு, சுமார் 3.45 லட்சம் லிட்டர். குடிநீர்க் குழாயும் பாதாள சாக்கடையும் இன்னும் எட்டாத இடமாக இருந்தால் இரண்டையும் லாரிதான் சுமக்க வேண்டும். 12,000 லிட்டர் டேங்கரில் 36 நடை நல்ல தண்ணீர் வரும், 29 நடை கழிவுநீர் போகும். போக வர 130 ஓட்டங்கள். பகலும் மாலையுமாக 16 மணி நேரத்துக்கு அதைப் பரப்பினால், ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு டேங்கர் லாரி அந்தக் கிராமத்துச் சாலையில் போய்க்கொண்டிருக்கும். இவ்வளவும் ஒரே ஒரு பத்து ஏக்கருக்கு. வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்துக் கழிவறைகளுக்கு மறுசுழற்சி நீரைப் பயன்படுத்தினால் தேவை குறையும் என்பது உண்மை. 135 லிட்டரில் 45 லிட்டர் கழிவறைக்கானது; அது நீங்கினால் நல்ல தண்ணீர்த் தேவை 2.88 லட்சம் லிட்டராக இறங்கும், 36 நடை 24 ஆகும். நல்ல சேமிப்புதான். ஆனால் அந்த நிலையம் ஆண்டு முழுவதும் பழுதின்றி ஓட வேண்டும். கட்டுநர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு அதை ஓட்டும் செலவும் பொறுப்பும் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுகின்றன. மதிப்பீட்டில் இந்தச் சேமிப்பை வரவு வைப்பவர், அந்த நிலையம் நின்றுபோகும் நாளையும் எதிர்ப்பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

சரி, குழாய் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாள் கணக்கு போதாது. 3.45 லட்சம் லிட்டரை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பங்கிட்டால் நொடிக்கு 4 லிட்டர்தான் வரும். எந்தக் குழாயும் அதைத் தாங்கும். ஆனால் மனிதர்கள் நாள் முழுதும் சமமாகக் குளிப்பதில்லை. காலை ஆறரை மணிக்கும் எட்டரைக்கும் இடையே 800 வீட்டுக் குளியலறைகளும் சமையலறைகளும் ஒன்றாகத் திறக்கின்றன. 20,000 பேருக்குக் குறைவான பகுதிக்கு உச்ச ஓட்டத்தைச் சராசரியின் மூன்று மடங்காகக் கொள்ள வேண்டும் என்கிறது அதே அமைப்பின் வழிகாட்டி நூல். நொடிக்கு 4 லிட்டர் 12 லிட்டராகிறது. இது தெருக் குழாய் வழியாக நீரேற்று நிலையத்துக்குப் போகிறது. தரைக்குக் கீழே ஆழமான ஒரு வட்டக் கிணறு. உள்ளே நுழையும் வாயில் துணியையும் பிளாஸ்டிக்கையும் தடுக்கும் கம்பித் தட்டி. அடியில் இரண்டோ மூன்றோ மோட்டார்கள், அவற்றில் ஒன்று மாற்றுக்காக. மோட்டார் இறைப்பதைவிட வேகமாக நீர் வந்தால் கிணற்றின் மட்டம் ஏறுகிறது. உள்வரும் குழாயின் வாய் மூழ்குகிறது. நீர் பின்னோக்கித் தேங்கத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் மேன்ஹோல் மூடிகளின் விளிம்பு வழியாகவும், மாடியிலிருந்து தவறாக இணைத்த குழாய்கள் வழியாகவும் மழைநீர் சேர்ந்துகொள்ள, மின்சாரமும் அப்போதே நின்றால், கழிவுநீர் வெளியே வந்தே தீரும். அது வெளிவரும் இடம் புதிய அடுக்குமாடியின் வாசல் அல்ல. அந்தப் பாதையில் எந்த மேன்ஹோல் மிகத் தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் பொங்கும். பெரும்பாலும் அது முன்பிருந்தே அங்கு இருக்கும் பழைய தெரு. அனுமதி பெற்றவர் ஒருவர், கால் நனைபவர் இன்னொருவர். கொள்ளளவு மதிப்பீட்டைச் சடங்காக விட்டுவிட முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

தண்ணீர் விஷயத்தில் மோசமான வேளை என்பது ஒரு மணி நேரமாக இருக்காது. ஒரு முழுக் கோடையாக, சில சமயம் இரண்டு பருவமழைகள் பொய்த்த காலமாக இருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளுக்கும் சேர்த்து 11 டி.எம்.சி.க்குச் சற்று அதிகமான கொள்ளளவு உண்டு. 2019 ஜூனில் அவை ஏறக்குறைய வறண்டே போயின. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் அளவில் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் 52.5 கோடி லிட்டருக்கு இறங்க வேண்டியதாயிற்று. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. நம் கணக்கின் பத்து ஏக்கர் வளாகத்தை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு ரயில் கொண்டுவந்தது அப்படிப்பட்ட ஐந்தாறு வளாகங்களின் ஒருநாள் தேவை. அந்தக் கோடையில் பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை இன்னும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நிறைந்த ஏரியைக் காட்டிக் கொடுத்த அனுமதி, வறண்ட ஏரியின்முன் செல்லாது. கலிஃபோர்னியாவில் 2001இல் இயற்றிய சட்டம் இதை நேராகவே எதிர்கொள்கிறது. 500 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், அடுத்த 20 ஆண்டுகளுக்கு வழக்கமான ஆண்டிலும், ஒற்றை வறட்சி ஆண்டிலும், தொடர்ந்து வரும் வறட்சி ஆண்டுகளிலும் போதிய நீர் இருக்குமா என்று தண்ணீர் வழங்கும் அமைப்பு எழுத்தில் சொல்ல வேண்டும். நம்மிடம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றனவே என்பார்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் தலா 10 கோடி லிட்டர் திறன், 2024இல் நெம்மேலியில் திறந்த இரண்டாவது நிலையத்தில் 15 கோடி லிட்டர். இவை வறட்சிக்கு அஞ்சாத ஆதாரங்கள் என்பதால் மிகுந்த மதிப்புடையவை. ஆனால் நிலையத்தின் திறன் வேறு, அந்த நீர் ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணை எட்டும் குழாயின் திறன் வேறு. இரண்டில் எது சிறியதோ அதுவே அங்கு குடியேறுபவருக்குக் கிடைக்கும் அளவு.

வயலும் தண்ணீரைக் குடித்ததுதானே, அதைக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், பத்து ஏக்கருக்கு ஏறத்தாழ 4.8 கோடி லிட்டர். நம் 800 வீடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 15.8 கோடி லிட்டர். மூன்று மடங்குக்கு மேல் என்பதை ஒதுக்கிவிட்டாலும், இந்த இரண்டு தேவைகளின் இயல்பே வேறு. சம்பா நெல் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வளர்கிறது. ஏரி நிரம்பாத ஆண்டில் விவசாயி நடவைக் கைவிடலாம், நட்டம் பெரிது, ஆனாலும் கைவிட முடியும். வீட்டுக் குழாய் மே மாதத்திலும் அதே 135 லிட்டரைக் கேட்கும். மேலும், வயலுக்கு விட்ட நீரில் ஒரு பங்கு கீழே இறங்கி ஊர்க் கிணறுகளுக்குத் திரும்பியது; அடுக்குமாடியின் ஆழ்துளைக் கிணறும் தனியார் டேங்கரும் அதே நிலத்தடி நீரை எடுக்க மட்டுமே செய்கின்றன.

இங்கே நம் மதிப்பீடுகளின் பெரிய குறை ஒன்று தெரியவருகிறது. புதிய திட்டம் எவ்வளவு சேவையைக் கேட்கும் என்று எண்ணுகிறோம். அந்த நிலம் இதுவரை எவ்வளவு சேவையைச் செய்துவந்தது என்பதை எண்ணுவதில்லை. வரப்பு கட்டிய வயல் ஒரு மழைநீர்த் தேக்கம். பத்து ஏக்கரில் 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது 40 லட்சம் லிட்டர். பெருமழையில் அந்த 40 லட்சம் லிட்டரையும் வயல் பிடித்து வைத்துக்கொண்டு, வடிகாலுக்கு மெல்ல மெல்லத்தான் விடுகிறது. இதே நிலத்தைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு, ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்வதாகக் கொள்வோம். விழும் நீர் 24 லட்சம் லிட்டர். திறந்த மண்ணாக இருந்தபோது அதில் கால்பங்கு ஓடியிருக்கும் என்றால் 6 லட்சம். மூடிய பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு ஓடும், 19 லட்சம். கூடுதலான 13 லட்சம் லிட்டரையும் அந்த ஒரே மணி நேரத்தில் அடுத்திருக்கும் வடிகால் ஏந்தியாக வேண்டும். நிலத்தை உயர்த்தி மண் நிரப்பியிருந்தால் இன்னும் கூடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இதன் மிகப் பெரிய சான்று. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் உபரிநீர் அங்கே வந்து பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போகிறது. முன்பு பல ஆயிரம் ஹெக்டேராக விரிந்து கிடந்த அந்தச் சதுப்பில் 2022இல் ராம்சர் தலமாக அறிவித்தது சுமார் 1,247 ஹெக்டேர்தான். மிச்சமெல்லாம் சாலையாகவும் கட்டடமாகவும் குப்பை மேடாகவும் ஆகிவிட்டது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றபோது, நாம் இழந்த கொள்ளளவின் அளவை எந்த ஆவணமும் பார்க்காமலே கண்ணால் காண முடிந்தது.

இன்னொரு விடுபடலும் உண்டு. வெளிப்பார்வைக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நீரேற்று நிலையத்துக்கு நாளொன்றுக்கு 100 லட்சம் லிட்டர் திறன் இருக்கிறது, இன்று 70 லட்சம் வருகிறது என்றால், மிச்சம் 30 லட்சம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த வட்டாரத்தில் அனுமதி கொடுத்து இன்னும் கட்டி முடியாத வளாகங்கள், கட்டி முடிந்தும் பாதிதான் ஆள் குடியேறிய வளாகங்கள் எத்தனை இருக்கும்? ரயில் பெட்டியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிவிட்டு இடமிருக்கிறது என்று சொல்ல முடியாது. அடுத்த நிலையத்தில் ஏற முன்பதிவுச் சீட்டு வாங்கியவர்களையும் கழித்தாக வேண்டும். திட்ட அனுமதி பல ஆண்டுகள் செல்லுபடியாகும். அந்த 30 லட்சத்தில் 25 லட்சம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்ததாக இருக்கலாம். ஆறு விண்ணப்பங்கள் அடுத்தடுத்து வந்து, ஒவ்வொன்றும் 8 லட்சம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மிச்சம் 30 லட்சம் என்ற அதே எண்ணைப் பார்த்துச் சம்மதம் சொன்னால், தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நிலையம் மட்டும் மூழ்கும். பல துறைகளிடம் தனித்தனியே தடையின்மைச் சான்று வாங்கும் முறை இந்தப் பிழையைக் குறைப்பதில்லை. தீயணைப்புத் துறை தன் வண்டி நுழையப் பாதை உண்டா என்று பார்க்கும், நீர்வளத் துறை வெள்ளமட்டத்தைப் பார்க்கும், போக்குவரத்துக் காவல்துறை வாயிலைப் பார்க்கும். ஒவ்வொருவரும் அந்த மனையை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த வட்டாரம் முழுமைக்கும் இதுவரை எத்தனை சான்று கொடுத்தோம் என்று கூட்டிப் பார்க்கும் கடமை எவருக்கும் இல்லை. போதாததற்கு, மண்டலம் மாறாமலே அடர்த்தி மாறும் வழியும் உண்டு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமில்லாக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ.யை 1.5இலிருந்து 2 ஆக்கின. மாநிலமெங்கும் அத்தகைய கட்டடங்களுக்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உரிமை. இதுவும் நில உபயோக மாற்றத்துக்கு ஈடானதே. குழாயைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

பழைய மாமல்லபுரம் சாலையின் இருபத்தைந்து ஆண்டு வரலாறு இந்தக் கணக்குகளின் விளைவை வரிசையாகக் காட்டுகிறது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்புச் சலுகை வந்தது. 2008இல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறுவழிச் சாலை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 2026ஐ இலக்காகக் கொண்ட இரண்டாவது முழுமைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சாலையின் இருபுறமும் இருந்த ஊர்கள் அப்போது பேரூராட்சிகளும் கிராம ஊராட்சிகளும்தான். மாநகரத்துக்கான கட்டடங்களை எழுப்ப அனுமதி இருந்தது, மாநகரத்துக்கான குழாய் போடும் பொறியியல் துறையோ வரிவருவாயோ அவற்றுக்கு இல்லை. 2011இல் அவற்றுள் பல மாநகராட்சியோடு இணைந்தன. சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. இணைந்து பத்தாண்டு கடந்தும் பாதாள சாக்கடைப் பணி முடியாத பகுதிகள் அந்தச் சாலையோரம் இருந்தன. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வீடுகள் லாரித் தண்ணீரை நம்பி நின்றன; 2018இல் தனியார் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு பெரும் வட்டாரமே சம்ப்பின் அடிமட்டத்தை எட்டிப் பார்க்கும் நிலை வந்தது. மாதவரத்திலிருந்து சிப்காட் வரையான மெட்ரோ வழித்தடப் பணிகள், அந்தச் சாலை நெரிசலில் திணறத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே ஆரம்பமாயின. சாலை முதலில், கட்டடம் அடுத்து, குழாயும் சாக்கடையும் கடைசியில்: இந்த வரிசை இயற்கையாக அமைந்ததன்று. முடிவெடுத்தவர்கள் எந்த எண்ணைக் கேட்டார்கள், எதைக் கேட்கவில்லை என்பதிலிருந்து வந்தது.

குழாயும் சாக்கடையும் அளக்க எளிது என்பதால் பேச்சு அவற்றோடு நின்றுவிடக் கூடாது. கண்ணகி நகரிலும் பின்னர் பெரும்பாக்கத்திலும் அரசு எழுப்பிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் பல்லாயிரம் வீடுகள் உண்டு. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல். நகரத்தின் நடுவில் ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை அங்கே கொண்டுபோய் வைத்தபோது, வீட்டுச் சாவி முதலில் கைக்கு வந்தது. அங்கன்வாடி, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், போதுமான பேருந்து ஆகியவை வந்துசேரக் காத்திருக்க வேண்டியிருந்தது. 3,200 பேர் கொண்ட நம் மாதிரி வளாகத்திலேயே எட்டில் ஒருவர் தொடக்க, நடுநிலைப் பள்ளி வயதினர் என்று வைத்தால் 400 பிள்ளைகள். தொடக்கப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 30க்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தையே எல்லோருக்கும் கொண்டாலும் பதின்மூன்று பதினான்கு ஆசிரியர்கள். பணக்கார அடுக்குமாடியில் அந்தப் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அரசுக்குச் சுமை இல்லை என்று தோன்றும், சாலைக்குச் சுமை கூடும். ஏழைக் குடியிருப்பில் அருகே பள்ளி இல்லையென்றால் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். ஒரே எண்ணிக்கை, இரு வேறு விளைவு. யார் குடிவருவார்கள் என்பதையும் மதிப்பீடு கேட்டாக வேண்டும். அரசே கட்டுநராக இருக்கும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க எந்தச் சாக்கும் கிடையாது.

இவ்வளவு நிபந்தனை போட்டால் வீடே கட்ட முடியாது, விலை ஏறும், மக்கள் இன்னும் தொலைவில் அங்கீகாரமற்ற மனைகளுக்குப் போய்விடுவார்கள் என்பது இந்தக் கருத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபணை. இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: சாலை, குடிநீர், கழிவுநீர், வடிகால், குப்பை அகற்றல், பூங்கா ஆகியவற்றுக்குப் போதிய திறன் இருந்தால்தான் புதிய கட்டுமானம். நோக்கம் நல்லது. ஆனால் நகரின் நடுப்பகுதிச் சாலைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், சாலை காலியாகக் கிடந்த வெளிவிளிம்புகளுக்குக் கட்டுமானம் ஓடியது. தடுக்க நினைத்த பரவலே பெருகியது. 2011இல் அம்மாநிலம் சாலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்கான கட்டாயத்தை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டது. குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், திடக்கழிவு ஆகிய நான்குக்கும் கட்டாயத்தை அப்படியே வைத்துக்கொண்டது. எனக்கு இந்தப் பிரிப்பு மிகச் சரியாகப் படுகிறது. சாலை நெரிசல் தாமதத்தைத் தரும். மனிதர்கள் நேரத்தை மாற்றுவார்கள், பேருந்துக்கு மாறுவார்கள். கழிவுநீருக்கு அப்படி மாற்றுவழி கிடையாது, வெள்ளத்துக்கும் கிடையாது. எனவே நெரிசலைக் காரணம் காட்டி நகரின் நடுவே வீடுகளைத் தடுப்பது தவறு. வடிகால் இல்லாத இடத்தில் வீடுகளை அனுமதிப்பது அதைவிடப் பெரிய தவறு. வீட்டு விலை பற்றிய கவலைக்கும் இதே விடைதான். தண்ணீர் இல்லாத வீடு மலிவாக விற்கப்படுவதில்லை. வாங்கியவர் மாதாமாதம் லாரிக்குக் கொடுக்கும் பணத்தில் அந்த விலையின் மறுபாதியைக் கட்டிக்கொண்டேயிருக்கிறார்.

மக்கள் குடியேறினால்தானே வரி வரும், வரி வந்தால்தானே குழாய் போட முடியும் என்பார்கள் உள்ளாட்சியில் இருப்பவர்கள். பணத்தின் கோணத்தில் இது நேர்மையான கேள்வி. நியூயார்க் மாநிலத்தின் ரமாபோ என்ற ஊராட்சி 1969இல் இதற்கு ஒரு வழி கண்டது. சாக்கடை, வடிகால், பள்ளியும் பூங்காவும், சாலை, தீயணைப்பு நிலையம் என ஐந்து வசதிகளுக்கு மதிப்பெண் வைத்தது. மொத்தம் 23இல் 15 பெற்ற நிலத்துக்கே வீட்டுமனை அனுமதி. அதோடு, 18 ஆண்டுகளில் எந்த வசதியை எங்கே எப்போது தருவோம் என்று தானே ஒரு திட்டத்தையும் எழுதி வெளியிட்டது. காத்திருக்க விரும்பாத கட்டுநர், குறைகிற வசதியைத் தன் செலவில் அமைத்து மதிப்பெண் பெறலாம். 1972இல் மாநில உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஊராட்சி தன் திட்டத்தைக் காலத்தில் நிறைவேற்ற முடியாமல் திணறியதும், 1983இல் அந்த முறையைக் கைவிட்டதும் அதே வரலாற்றின் மறுபக்கம். ஆனாலும் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்ற அதன் அடிப்படை எனக்கு மிக மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் பெரிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் பல ஆண்டுகளாக வசூலாகிறது. அந்தப் பணம் வசூலான அதே வட்டாரத்தில், எந்த ஆண்டுக்குள், எந்தக் குழாய்க்கு என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்படுமானால், வரியா குழாயா எது முதலில் என்ற வாதத்துக்கே இடம் குறையும். அனுமதியையும் ஒரேயடியாக மறுக்க வேண்டியதில்லை. நீரேற்று நிலையம் முடியும்வரை முதல் 200 வீடுகள், முடிந்தபின் மீதி என்று படிப்படியாகக் கொடுக்கலாம்.

இருபதாண்டுக்குப் பின் நடக்கப்போவதை இன்று யாரும் சரியாகக் கணிக்க முடியாது என்ற ஐயமும் எழும். உண்மைதான். வீட்டுக்கு நான்கு பேர் என்று நாம் வைத்தது மூன்றாகலாம், வாடகைக்கு விட்டால் ஐந்தாகலாம். அதனால்தான் ஒற்றை எண்ணைத் தராமல், குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று இரு முனைகளையும் மதிப்பீடு சொல்ல வேண்டும். எந்த அனுமானம் பொய்த்தால் முடிவு தலைகீழாகும் என்றும் சொல்ல வேண்டும். நம் வளாகத்தின் கழிவுநீர் உச்சம் நொடிக்கு 9 லிட்டரா 15 லிட்டரா என்பதில் ஐயம் இருக்கலாம். அந்தத் தெருக்குழாயில் 5 லிட்டருக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், அந்த ஐயத்தால் எதுவும் மாறப்போவதில்லை. தேவை துல்லியமாகத் தெரியாததைக் காட்டிலும் பெரிய தடை, இருக்கும் திறனே அளக்கப்படாமல் கிடப்பதுதான். சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. மாதக் கட்டணம் ஒரே தொகை. எவ்வளவு நீர் போகிறது என்று தெரியாத இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது வெறும் ஊகம். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிந்துவிட்டது. அதன் பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும் கிராமமும்தான். பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் இப்போது தயாராகி வருகிறது. ஒவ்வொரு நீரேற்று நிலையத்திலும் ஓட்டமானி, ஒவ்வொரு வடிகாலின் முகத்திலும் நீர்மட்ட அளவி, வட்டாரவாரியாக இருக்கும் திறன், இன்றைய பயன்பாடு, வாக்குக் கொடுத்த அனுமதிகள் ஆகிய மூன்றையும் மாதந்தோறும் பதிந்து எவரும் பார்க்க வைக்கும் ஒரு பேரேடு: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மேம்பாலத்தின் செலவுக்கு அருகில்கூட வராது. அந்தப் பேரேடு திறந்தே இருந்தால், மறுவகைப்பாடு கேட்பவரும் அதை எதிர்ப்பவரும் ஒரே எண்ணைப் பார்த்து வாதிட முடியும்.